ஏழாம் நம்பர் மெஷின்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் காலை எட்டு இருபது பேருந்தில், என் முன் இருக்கையில் ஒரு நடுவயதுத் தம்பதி. மனைவி மடியிலிருந்த செருப்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு சாண் நீளத்தில் நூல் மில் இயந்திரம் ஒன்று. அட்டையும் சைக்கிள் கம்பியும் கொண்டு அவரே செய்தது. நூல் சுற்ற வரிசையாக நின்ற கதிர்கள் அத்தனையும் குண்டூசிகள்.

“கைவேலைக் கண்காட்சியில வைக்கிறதுக்கு முன்ன பாத்துச் சொல்லுங்க. தப்புன்னா இப்படியே வீட்டுக்குத் திரும்பிருவேன்.”

கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். மூன்று நிறுத்தங்கள் தாண்டும்வரை நிமிரவில்லை.

“ஏட்டி, இது நான் ஓட்டுற ஏழாம் நம்பர் மெஷினாச்சே. நீ மில்லுக்குள்ள காலே வச்சதில்லையே.”

“நீங்கதான் தெனம் சோத்துக்கு முன்னால ஒக்காந்து அதைத் திட்டுவீகளே. கதவு நிக்க மாட்டேங்கு, கடைசிக் கதிரு ஆடுதுன்னு.”

“கதவுல கட்டியிருக்கிற இந்தத் துணி?”

“கதவை என் பழைய சேலையக் கிழிச்சுக் கட்டி வச்சிருக்கேன்னு சொன்னீகள்ல. அதே சேலைதான். எதுவும் தப்பா இருக்கா?”

கணவர் அந்தத் துணி முடிச்சை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

“நான் பேசுறதை நீ கேக்குறதே இல்லன்னு இம்புட்டு வருசமா நெனச்சிட்டிருந்தேன்.”

பெட்டியை மூடித் தன் மடிக்கு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு வேகத்தடை வந்தபோதெல்லாம், அதை இரு கைகளாலும் மடியிலிருந்து சற்றுத் தூக்கிப் பிடித்தார்.