ரவுண்டுக்கு முன்னால ஒரு மிஸ்டு கால்

— உள்ள வாங்க மச்சான். கதவுக்கிட்டயே நின்னு என்ன பார்க்கிறீங்க? ஆஸ்பத்திரியிலயும் ஆபத்து எங்க இருக்குன்னு தேடுறீங்களா?

— அந்த ஃபேன் ஒயர் தரையில குறுக்கே கிடக்கு மாப்ளே. யாராச்சும் கால் தடுக்கி விழுந்தா என்ன ஆகும்?

— பாருங்க, நான் சும்மா கிண்டலுக்குச் சொன்னேன், நீங்க நிஜமாவே தேடியிருக்கீங்க. வந்து உட்காருங்க. என் கட்டிலுக்கும் ஆபத்து மார்க் போடாம இருந்தா சரி.

— இரு, இதை ஓரமா தள்ளிட்டு வர்றேன்.

— உங்களைக் கட்டிக்கிட்டு எங்க அக்கா படுற பாடு இருக்கே. கல்யாணமான புதுசுல எங்க வீட்டு சமையல் ரூமுக்குள்ள போய், கத்தியோட முனையெல்லாம் உள்பக்கம் பார்க்கிற மாதிரி அடுக்கி வச்ச மனுஷன் நீங்க. எங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? மாப்பிள்ளை தங்கமானவர்தான், ஆனா அவர் எதிர்ல அடுப்பைப் பத்த வைக்கவே கை நடுங்குதுன்னாங்க.

— வலி எப்படி இருக்கு?

— இருக்கிற விரல் வலிச்சா பரவாயில்லை. இல்லாத மூணு விரலும் வலிக்குது மச்சான். அதை எங்க போய் தடவுறது?

— டாக்டர்கிட்ட சொன்னியா?

— அட, சிரிப்பீங்கன்னு சொன்னேன். முகத்தை ஏன் இப்படித் தொங்கப் போட்டுக்கிறீங்க?

— சிரிக்க வரலை மாப்ளே. காலையில இருந்தே ஒண்ணும் சரியில்லை. இரு, நர்ஸ் வர்றாங்க.

— கையைத் தலையணை மேல வைங்கப்பா, தொங்க விடாதீங்கன்னு உங்ககிட்ட எத்தனை தடவை சொல்றது? சார் யாரு?

— எங்க அக்கா வீட்டுக்காரர் சிஸ்டர். எங்க அட்டைப்பெட்டி கம்பெனியிலதான் பாதுகாப்பு அதிகாரியா இருக்கார்.

— அப்படியா? அப்போ உங்களையே கேட்கிறேன் சார். என் வீட்டுக்காரரும் ஃபேக்டரியிலதான் இருக்கார். இந்த மாதிரி மெஷினுக்கெல்லாம் கதவு உண்டு, திறந்தா தானா நின்னுடும்னு சொல்லுவார். உங்க மெஷின் ஏன் நிக்கலை?

— நிக்கணும் சிஸ்டர். கழிவு அட்டையை அமுக்கிக் கட்டுற மெஷின் அது. அதோட கதவுல ஒரு இரும்பு நாக்கு இருக்கும். கதவைச் சாத்தினா நாக்கு சுவிட்சுக்குள்ள போகும், மெஷின் ஓடும். திறந்தா நாக்கு வெளியே வந்துடும், மெஷின் நின்னுடும்.

— அப்போ நாக்கு வெளியே வரலையா?

— வந்துச்சு. ஆனா சுவிட்சுக்குள்ள தனியா வேற ஒரு நாக்கைச் சொருகி வச்சிருந்தாங்க. கதவு திறந்திருக்குன்னே மெஷினுக்குத் தெரியலை.

— சரியாப் போச்சு. அதை யாரு சொருகினது?

— அது வந்து...

— சிஸ்டர், இந்த மாத்திரையை இப்போ போடணுமா, சாப்பிட்ட பிறகா?

— சாப்பிட்ட பிறகுப்பா, காலையிலயும் இதையேதான் சொன்னேன். சார், டாக்டர் வர்ற நேரம். சீக்கிரம் பேசிட்டுக் கிளம்புங்க.

— போயிட்டாங்க. ஏன் மச்சான் இப்படித் திருதிருன்னு முழிக்கிறீங்க? அந்தம்மா போலீஸா என்ன?

— எல்லாரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறாங்க மாப்ளே.

— தப்பு என் பேர்லதான். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வந்தப்போ வாயை மூடிக்கிட்டுச் சாப்பிட்டிருக்கணும். கழிவு அட்டை அடிக்கடி சிக்கிக்குது, ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து மூடினா மெஷின் முதல்ல இருந்து உயிர் வந்து ஓடணும், அதுக்குள்ள ஹால் பூரா அட்டை குவிஞ்சு சூப்பர்வைசர் வள்ளுனு விழுவார், அதனாலதான் நாக்கைச் சொருகி வச்சிருக்கோம்னு உளறிட்டேன். நீங்க பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிட்டீங்க. அக்கா என்னைப் பிடிபிடின்னு பிடிச்சுடுச்சு.

— நீ சொன்னது தப்பில்லை. சொன்ன பிறகு நான் என்ன செஞ்சேன்ங்கிறதுதான் தப்பு.

— என்ன செஞ்சீங்க? மறுநாளே மேனேஜர்கிட்ட போய், மெஷின் வாயை அகலமாக்கினா அட்டை சிக்காதுன்னு மல்லுக்கட்டினீங்களே.

— அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொல்லிட்டார். அதுக்கப்புறம் நான் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. எங்க வேலையில கணக்கு ரொம்பச் சுலபம் மாப்ளே. விபத்து நடக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கு, நடந்தா எவ்வளவு பலமா அடிபடும், ரெண்டுக்கும் மார்க் போட்டுப் பெருக்கணும். வர்ற மார்க் ஏறிப் போச்சுன்னா மெஷினை நிறுத்திடணும். சரி பண்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. அந்த மெஷின்ல மாட்டினா கை போயிடும்னு எனக்கு நல்லாவே தெரியும். அதனால அடிக்கு முழு மார்க் போட்டேன். வாய்ப்புன்னு வந்தப்போ, குறைவுன்னு போட்டுட்டேன்.

— நாங்கதானே கெஞ்சினோம். மெஷினை நிறுத்தினா எங்க எல்லாரையும் லாரிக்கு லோடு ஏத்த அனுப்பிடுவாங்க. எங்க செட்டுல பாதிப் பேருக்கு இடுப்பு ஏற்கெனவே போச்சு. உங்களை விட்டா யார்கிட்ட கெஞ்சுறது?

— நீங்க என்கிட்ட கெஞ்சினீங்க, நான் இரக்கப்பட்டேன். அதனால மெஷின் இரக்கப்படுமா? வாய்ப்பு குறைஞ்சுதா? காகிதத்துலதான் குறைஞ்சுது.

— விடுங்க மச்சான்.

— அதோட விட்டேனா நான்? நான் செக்கிங் ரவுண்டு வர்றதுக்கு முன்னால உனக்கு மிஸ்டு கால் வேற.

— அது நீங்க எங்களுக்குச் செஞ்ச உதவி. உங்க கால் வரும், நான் கட் பண்ணுவேன், உங்களுக்குப் புரிஞ்சுடும். நாங்க நாக்கை உருவிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு, கதவைச் சாத்திட்டு, போட்டோ எடுக்கப் போற மாதிரி வரிசையா நிப்போம். நம்ம குண்டன் ஒருத்தன் இருக்கானே, அவன் தலையைக்கூட வாரிக்குவான்.

— நானும் வந்து பார்த்துட்டு, கதவு மூடியிருக்கு, ரொம்ப நல்லதுன்னு தலையாட்டிட்டுப் போவேன். ஆபத்தைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு அங்க வேலை. நான் வர்றேன், ஒளிச்சு வைங்கன்னு ஆபத்துக்கே போன் பண்ணிச் சொல்லியிருக்கேன்.

— அப்படியெல்லாம் பேசாதீங்க. எனக்குக் கஷ்டமா இருக்கு.

— மாப்ளே, உன்கிட்ட ஒண்ணு கேட்கணும். அன்னைக்கு உன் கை உள்ள இருந்தப்போ...

— வேணாம் மச்சான். நடந்தது நடந்து போச்சு.

— கேட்காம இருந்தா எனக்குத் தூக்கம் வராது.

— அட்டை சிக்கியிருந்துச்சு, கையை விட்டு எடுத்தேன். அட்டையை அமுக்குற தட்டு மேல போய்த் திரும்பி இறங்குறதுக்குள்ள நேரம் இருக்கும், எங்களுக்கெல்லாம் அது பழகிப் போச்சு. தட்டு மேலயே கண்ணு இருக்கணும், அவ்வளவுதான். நான் கண்ணை எடுத்துட்டேன்.

— ஏன் எடுத்தே?

— ஏதோ ஞாபகம்.

— பாக்கெட்டுல போன் அடிச்சுதா?

— இப்போ எதுக்கு அதெல்லாம்?

— சொல்லு மாப்ளே.

— அடிச்சுது. ஆனா யாரு கூப்பிட்டாங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லலை. அக்காகிட்டகூடச் சொல்லலை. நீங்களும் சொல்லிடாதீங்க, தாங்காது.

— நீ வழக்கமா ரெண்டு ரிங்குல கட் பண்ணிடுவே. அன்னைக்குக் கட் பண்ணலை. மெஷின் சத்தத்துல கேட்கலை போலிருக்குன்னு நினைச்சுத் திரும்பவும் அடிச்சேன்.

— கேட்டுது மச்சான். ரெண்டாவது தடவையும் கேட்டுது. போனை எடுக்கிற கைதான் உள்ள மாட்டியிருந்துச்சு.

— ஐயோ, கடவுளே.

— அழாதீங்க. பக்கத்துக் கட்டில்காரர் பார்க்கிறார். அடிபட்டது உங்களுக்குத்தான்னு நினைச்சுக்கப் போறார்.

— என்னால தாங்க முடியலைடா. நான்தான் உன் கையை எடுத்துட்டேன்.

— நீங்க எடுக்கலை. கதவைத் திறந்து வச்சுக்கிட்டு வேலை பார்த்தது நான். சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. எனக்கு இருக்கிற ஒரே கவலை பாப்பாவோட ஜடைதான். அவ அம்மா விடியும்போதே வேலைக்குக் கிளம்பிடுவா, நான்தான் பின்னி விடுவேன். நேத்து பாப்பா வந்து இந்தக் கட்டைப் பார்த்துச்சு. தன் ஜடையைத் தொட்டுப் பார்த்துச்சு. அப்புறம் அதுவா சொல்லுது, முடி வளர்ந்தா தலையெல்லாம் வியர்க்குதுப்பா, குட்டையா வெட்டிக்கிறேன்னு. ஒரு வருஷமா வளர்த்த முடி மச்சான் அது.

— என்கிட்ட இதையெல்லாம் சொல்லாதே மாப்ளே.

— வேற யார்கிட்ட சொல்றது? சரி, வேலை விஷயத்துக்கு வருவோம். நேத்து சூப்பர்வைசர் வந்தார். இப்போ நீங்க உட்கார்ந்திருக்கிற அதே ஸ்டூல்லதான் உட்கார்ந்தார். நாளைக்கு விசாரணைக்கு வெளியில இருந்து ஆளு வர்றாராமே?

— ஆமா.

— சூப்பர்வைசர் பூசி மெழுகாம சொல்லிட்டார். நாக்கைச் சொருகினது கம்பெனியில யாருக்கும் தெரியாது, இவனாவே செஞ்சுக்கிட்டான்னு முடிவானா, என்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. பாதுகாப்பு அதிகாரிக்கு முன்னாலயே தெரியும்னு ஆச்சுன்னா, எனக்கு வேலை இருக்கும், கேட்டுல உட்கார வச்சு வர்ற வண்டியைப் பார்த்துக்கச் சொல்லுவாங்க. ஆனா நீங்க அன்னைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ரெண்டுல ஒருத்தருக்குத்தான் வேலைன்னார்.

— அவர் சொன்னது சரிதான்.

— அக்காவும் காலையில வந்து இதையே பேசிட்டுப் போச்சு. உன் மச்சான் உன்னை விட்டுக் கொடுக்க மாட்டார்டா, அவருக்குப் பொய் சொல்ல வராதுன்னு சொல்லுச்சு. சொல்லும்போதே அழுதுச்சு. உங்க சம்பளத்துலதான் உங்க வீடு ஓடுது, உங்கப்பா மருந்து வேற. நான் ராத்திரி பூரா யோசிச்சுட்டேன் மச்சான்.

— என்ன யோசிச்சே?

— நானே செஞ்சேன்னு சொல்லிடறேன். நாளைக்கு அந்த ஆளு வந்து கேட்டா, மச்சானுக்கு ஒண்ணும் தெரியாது, நாங்க ஒளிச்சு வச்சிருந்தோம்னு சொல்லிடறேன். பாதி உண்மைதானே அது? எனக்கு வேற எங்கயாவது ஏதாவது கிடைக்காமயா போயிடும்? ரெண்டு விரல் மிச்சம் இருக்கே.

— நீ ஒண்ணும் சொல்ல வேணாம்.

— கேளுங்க மச்சான், நான் முழு மனசோடதான் சொல்றேன். உங்களுக்காகக்கூட இல்லை, அக்காவுக்காக.

— நீ எதுவுமே சொல்ல வேண்டியது இல்லை மாப்ளே. விசாரணை நாளைக்கு இல்லை. அந்த ஆளு இன்னைக்கே வந்துட்டார். காலையில மேனேஜர் ரூம்ல வச்சு என்னைக் கேட்டார். நான் சொல்லிட்டேன். எல்லாம் முடிஞ்சு போச்சு.

— சொல்லிட்டீங்களா? நேரா அங்க இருந்துதான் வர்றீங்களா?

— ஆமா.

— அதான் முகம் இப்படி இருக்கா? நான் ஒரு மடையன், அது தெரியாம உங்ககிட்ட விளையாடிக்கிட்டு இருக்கேன். மச்சான், உங்க கையைக் கொடுங்க.

— வேணாம்டா.

— கொடுங்க. உண்மையைச் சொல்றேன், ராத்திரி ஒரு நிமிஷம் உங்க மேல சந்தேகப்பட்டேன். உங்க தங்கச்சியைக் கொடுத்த வீடுன்னா அது வேற, பொண்டாட்டியோட தம்பிதானே, இவனுக்காக யாரு வேலையை விடுவான்னு நினைச்சுட்டேன். அப்படி நினைச்சதுக்காகவே எனக்கு வெட்கமா இருக்கு. நீங்க என்னடான்னா யார்கிட்டயும் கேட்காம போய் உண்மையைச் சொல்லிட்டு வந்து, ஒயரை ஓரமா தள்ளிக்கிட்டு நிக்கிறீங்க. என்னை மன்னிச்சுடுங்க மச்சான்.

— என்கிட்ட மன்னிப்புக் கேட்காதே. தயவு செஞ்சு கேட்காதே.

— கேட்பேன். கேட்காம இருந்தா நான் மனுஷனே இல்லை. அக்காவுக்குத் தெரியுமா? எப்படிச் சொல்லப் போறீங்க? வேலை போனா என்ன மச்சான், எத்தனையோ கம்பெனி இருக்கு. உங்களை மாதிரி நேர்மையான ஆளை எவன் வேண்டாம்பான்?

— வேலை போகலை மாப்ளே.