கேதம் சொல்ல வந்த மகள்

அறக்கட்டளைத் தொடக்க விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் பெருந்தகை, அச்சக உரிமையாளர் ஆமத்தூர் சங்கரபாண்டியன் அண்ணாச்சி அவர்களே! மல்லாங்கிணற்று மண்ணின் மூத்தோரே! எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, கையில் மருந்து வாசம் மாறாமல் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! ஆப்பிரிக்கக் கரை கடந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் பிள்ளைகளே! உங்கள் வேல்விழியின் வணக்கம். ஏலே, அந்தச் சரவெடியை நிறுத்துங்கலே! நான் பேசப்போறது செத்தவுக காதுலயும் விழணும்.

"எவரோ பெத்த பிள்ளைகளை எதுக்குத் தாயி ஏரோப்பிளேன் ஏத்திக் கூட்டிட்டு வரணும்? அதுக்கு ஒரு அறக்கட்டளையா?" என்று அண்ணாச்சி கேட்டார். எவரோ பெத்த பிள்ளைகளா? அண்ணாச்சி, போன பங்குனிப் பொங்கலை நீங்க பாக்கலை. பாத்த எனக்குப் பட்டப்பகல்லகூட அந்தக் கோயில் பக்கம் தனியாப் போக நெஞ்சு வரலை.

நம் கோயிலில் இருளாண்டி கல் நிற்கிறதே, யார் அந்த இருளாண்டி? வெள்ளைக்காரன் காலத்தில் ஆப்பிரிக்காவுக்குக் கரும்பு வெட்டக் கப்பலேறிப் போனவர். போனவரிடமிருந்து சேதி இல்லை. காத்துக் காத்துக் கண் பூத்து, பிள்ளையில்லாமல் கடலோடு போய்விட்டார் என்று முடிவுகட்டிக் கல் நட்டோம். பங்குனிக் கடைசி வெள்ளிக்குப் படையலும் போட்டோம். நிசமாகவே செத்தாரா என்று யாராவது கேட்டோமா? கேட்கவில்லையே!

போன பங்குனி, உச்சிவெயில், பானை பொங்குகிற நேரம். இதோ இருக்கிறாளே நொம்சா, டர்பனிலிருந்து தன்னந்தனியாக வந்து நின்றாள். அப்பா வழி ஆப்பிரிக்க மண், அம்மா வழி இருளாண்டி கொடி. அவள் இங்கிலீஷில் சொன்னதை, அண்ணாச்சி அச்சகத்தில் இங்கிலீஷ் ஆர்டர் பார்க்கிற நான் தமிழில் சொன்னேன். சாமியாடி முனியராஜ் மாமாவுக்கு வந்ததே கோபம்! "பிள்ளையில்லாமச் செத்துத் தெய்வமானவருக்குக் கொள்ளுப்பேத்தியா? இவளை ஏத்துக்கிட்டா நாம இம்புட்டு நாளும் கும்பிட்டது வெறுங்கல்லா? வெளிய போகச் சொல்லு!"

அவள் கண் கலங்கியது. ஆனாலும் போகவில்லை. படையல் இலையையே பார்த்தாள். "இந்த நாள்ல எங்க வீட்டு அடுப்பு எரியாது. கொள்ளுத்தாத்தா உயிரோட இருந்தவரைக்கும் இந்த நாள்ல வயிறு நிறைஞ்சு எந்திரிப்பாராம். ஊர்ல என்னைச் செத்தவனாக்கிட்டாக, சோறு வந்துருச்சுன்னு சொல்லுவாராம்" என்றாள்.

பட்டாசு மருந்து ரூமுக்குள்ள நிக்கிற மாதிரி மூச்சைப் பிடிச்சு நின்னோம். செல்வலட்சுமி அக்கா, நீங்களும் நின்னீகளா இல்லையா? தலையாட்டுறாக, பாருங்க!

அடுத்து, தன் வீட்டில் தாய் மகளுக்குச் சொல்லிவரும் ஒரு தமிழ் ஜெபம் உண்டாம், அதிலிருந்த ஊர்ப் பேரைப் பிடித்துத்தான் வந்தாளாம், அர்த்தம் தெரியாதாம். கல்லைப் பார்த்துக் கைகூப்பிச் சொன்னாள்:

"இருளாண்டி செத்துப்போனான். மல்லாங்கிணத்துல கேதம் சொல்லிருங்க."

குரல் அவளுடையது. பேச்சு ஒரு கிழவனுடையது. ஜெபமா அது? சாவுச் சேதி ஐயா, சாவுச் சேதி! இரு நாட்டுக்கும் போக்குவரத்தே அற்றுக்கிடந்த காலத்தில் கிளம்பி, வாய்விட்டு வாய் மாறி, ஊர் வந்து சேராமல் அலைந்த சேதி!

காப்புக் கட்டின ஊரில் பங்காளி கேதம் விழுந்தால் பொங்கல் கிடையாது. காதில் விழாத மாதிரி இருந்திருக்கலாமே, இருந்தோமா? முனியராஜ் மாமா காப்பை அறுத்தார். கேதக்காரர் மாதிரி தலைத்துண்டை இடுப்பில் கட்டினார். பொங்கின பானையை இறக்கச் சொன்னார். கம்மாயில் முழுகி, மொட்டைத் தலையோடு வந்து நொம்சா கையைப் பிடித்தார். "பங்காளி செத்தாத்தான் தாயி நாங்க மொட்டை போடுவோம்" என்றார். நாங்கள் மாரடித்து அழுதோம். எதற்கு அழுதோம்? உயிரோட இருந்தவனுக்குப் படையல் போட்டோமே, அவன் செத்த அன்னைக்கு அழ ஆளில்லாம விட்டோமே, அதுக்கு அழுதோம்!

அதற்காகத்தான் இந்த அறக்கட்டளை. கப்பலேறிப் போனவர்கள் வழிவந்த இந்தப் பிள்ளைகள் வருஷா வருஷம் வருவார்கள். உங்கள் வீட்டில் பாய் விரியுங்கள், உங்கள் பானையில் சோறு போடுங்கள். அம்புட்டுத்தான் கேக்குறேன்.

கோயில் வேப்பமரத்தடியில் பேர் மறந்துபோன கல்லும் ஒன்று நிற்கிறது. அந்தா, ஓரத்து நாற்காலியில் ஒரு பொண்ணு இருக்கா. அவுக வீட்லயும் அர்த்தம் தெரியாத ஜெபம் ஒண்ணு இருக்காம். நேத்தே சொல்ல வந்தா. நான் அவ வாயைப் பொத்திட்டேன். அது நான் ஒருத்தி கேக்குற சேதி இல்லை.

மைக்கை அவ கையில குடுக்கிறேன். தலைவருக்கும் அவைக்கும் நன்றி, தேடி வந்த பிள்ளைகளுக்கு வணக்கம். பங்காளிமாரே, துண்டை இடுப்பில கட்டிக்கிட்டு எந்திரிச்சு நில்லுங்க.

சொல்லு தாயி.