படிவத்தில் எழுதிய ‘இல்லை’

பிள்ளையின் படிப்புக்காக ஒரு தாய் எதுவரை மறைக்கலாம்? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

போன கிழமை ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். முன் இருக்கையில் ஐம்பது வயதுள்ள ஒரு பெண்ணும் அவரைவிட இளைய இன்னொரு பெண்ணும். இளையவர் கேட்டார்:

“மகள் கம்பஸில புற்றுநோய் ஆராய்ச்சிதானே படிக்கிறாள், அக்கா. அவளுக்கே சொல்லேல்லையோ?”

“இல்லை. ஊர்ப் பெண்டுகளிட்ட நிரப்பக் குடுக்கிற படிவத்தை முதல் எனக்குத்தான் தந்தவள். மார்பில கட்டி இருக்கோ எண்டு ஒரு கேள்வி. இல்லை எண்டு எழுதினனான்.”

“நல்ல ஆள் நீங்கள்! இனி அவளின்ரை ஆராய்ச்சியும் பிழை.”

“சொன்னா எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வந்திடுவாள். அவளின்ரை கம்பஸ் கடைசிச் சோதினைக்கு இன்னும் மூண்டு மாசம் கிடக்கு.”

“அதுவரைக்கும் கட்டி பாத்துக்கொண்டு இருக்குமோ?”

“இருக்கத்தான் வேணும்” என்று அவர் சிரித்தார். மற்றவர் சிரிக்கவில்லை.

நாரந்தனையில் இருவரும் இறங்கினார்கள். இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒட்டுக்கேட்டவள் என்று நினைப்பார்களோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். அதே பஸ்ஸில்தான் நான் கிழமைதோறும் போகிறேன்; அவரை மறுபடியும் காணக்கூடும். முன்பின் தெரியாத ஒருவரிடம் இதை எப்படிச் சொல்லத் தொடங்குவது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.