எல் கட்டையைத் திருப்பும் முறை

பிரிக் கேம் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர், திரையில் மேலிருந்து விழுகிற கட்டையைச் சீக்கிரமே திருப்பிவிடுகிறார்கள், இன்ஸ்பெக்டர் சார். அதுதான் தப்பு. கட்டை கீழே தொட்ட பிறகும் அரை நொடி கெட்டியாக உட்காராது. அந்த அரை நொடியில் திருப்பினால், மேலே மூடியிருக்கும் சந்துக்குள்ளும் எல் கட்டை நுழைந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்தவள் என் மனைவி நீரஜா. இதய நோய் வந்து, தொண்ணூற்றைந்து பங்குனியிலிருந்து படுக்கைதான். பொழுது போகட்டுமே என்று கையில் வைத்து ஆடும் அந்தப் பெட்டியை பர்மா பஜாரில் நான்தான் வாங்கிக்கொடுத்தேன். எண்பத்தேழாயிரத்து நானூறு ஸ்கோர் எடுத்து, காலண்டரில் எழுதி வைத்தாள். நான் முக்கி முனகி நாற்பதாயிரம். வடக்கு மாட வீதியிலிருந்து யார் பார்க்க வந்தாலும் ஆரம்பித்துவிடுவாள்.

"ஆபீஸ்ல முப்பது பேரை மேய்க்கறார். ஒரு கட்டையைத் திருப்பத் தெரியலை பாருங்கோ."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஆட உட்கார்ந்தேன். பேட்டரி தீர்ந்து திரை மங்கிவிட்டது. நீரஜாவுக்கு உரக்கக் குரல் எழும்பாது என்று ஒரு பெல் வைத்திருந்தோம். பட்டன் அவள் தலைமாட்டில், மணி கூடத்தில். மணியிலிருந்த இரண்டு பேட்டரியையும் எடுத்துக்கொண்டேன். பேட்டரி மாற்றினால் பழைய ஸ்கோர் அழிந்துவிடும். ஆனால் அவளுடையதுதான் காலண்டரில் இருக்கிறதே, அதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

"தெருமுனைல கடை கீதே சார், வாங்கினா இன்னா?" என்று கேட்டீர்கள். அவன் நாலு மணிக்குத்தான் திறப்பான்.

அன்று எனக்குக் கை வந்துவிட்டது. எண்பதாயிரத்துக்கு மேல் கட்டைகள் மழையாகக் கொட்டும். ஒவ்வொன்றையும் தரை தொடவிட்டு, அப்புறம் திருப்பினேன். தொண்ணூற்றோராயிரத்து இருநூறு. அவளிடம் காட்ட எழுந்தபோது ஐந்து மணி. வேலைக்கு வந்த சுப்பம்மா எனக்கு முன்னால் உள்ளே போய் அலறினாள். நீரஜாவின் விரல் பட்டனை அழுத்தியபடியே விறைத்திருந்தது.

உங்கள் ஏட்டு, சாட்சிப்பொருள் என்று பேட்டரியைக் கழற்றிவிட்டார். ஸ்கோர் போயே போய்விட்டது. இனி யார் நம்புவார்கள்? அதில் எனக்கு மிகவும் வருத்தம்.

அவள் கூப்பிட்டது காதில் விழவில்லையா என்கிறீர்கள். விழுந்தது. "ஏன்னா" என்று மூன்று தடவை. ஆட்டத்தை நிறுத்தி வைக்க ஒரு பட்டனும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் நிஜமாகவே அவசரமென்றால் பெல்லை அடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.