விண்ணரசி அக்காவின் ஒருசந்தி

ஒருசந்தி தொடங்குகிறவர்களுக்கு முதல் மூன்று நாள்தான் சிரமம், ஐயா. நாலாம் நாள் வயிறு அடங்கிவிடும். காலையில் சீரகம் போட்ட வெந்நீர் குடித்தால் கோயிலில் உச்சி மணி அடிக்கும் வரை தாங்கும். மத்தியானம் ஒருவேளைச் சோறு, அவ்வளவுதான். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் முழுக்க எங்கள் கத்தோலிக்க வேதக்காரர்கள் இப்படித்தான் இருப்போம்.

ஏலாக்குறிச்சிக்கு மேற்கே நாலு மைலில் ஒரு சின்ன ஊருக்கு நான் உபதேசியார். ஏலாக்குறிச்சிச் சாமியார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பூசைக்கு வருவார். மற்ற நாட்களில் ஜெபம் சொல்வதும், அவருடைய உத்தரவுகளை ஜனங்களுக்குத் தெரிவிப்பதும் என் வேலை. பன்னிரண்டு வருஷமாக ஒருசந்தியின் மகிமையைப் பிரசங்கம் செய்த நான், ஒரு வருஷம்கூட அதை முழுசாக அனுசரித்ததில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புருஷனை இழந்து வந்த விண்ணரசி அக்காதான் எனக்குச் சமைத்துப் போட்டாள். அம்மா காலராவில் போனபிறகு என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவளும் அவள்தான். அவளுக்கு வயிற்றில் புண். வயிறு காலியாக இருக்கவே கூடாது, இரண்டு மணிக்கொருதரம் கஞ்சி குடிக்க வேண்டும் என்று அரியலூர் டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் எங்கள் வீட்டில் விடிந்ததும் நொய்க்கஞ்சி கொதிக்கும். அந்த வாசனையில்தான் ஒவ்வொரு வருஷமும் இரண்டாவது வாரம் நான் தோற்றுப்போவேன். அக்கா எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றுவாள். அப்போது அவள் முகத்தில் தெரியும் இரக்கம் எனக்குப் பிடிக்காது.

வியாதிக்காரர்களுக்கு ஒருசந்தி கடன் இல்லை. மற்றவர்கள் கேட்காமலே சாப்பிட்டுவிடுவார்கள். அக்கா அப்படியில்லை, சாமியாருடைய உத்தரவு வந்தால்தான் சாப்பிடுவாள். வருஷாவருஷம் நான்தான் போய் வாங்கி வருவேன். இந்த வருஷமும், தபசுகாலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின நாள் போனேன். திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சாமியாரு என்ன சொன்னாரு தம்பி?"

"புதுச் சாமியாரு அக்கா. உத்தரவு தரமாட்டேன்னுட்டாரு."

அவர் சொன்னால் சரிதான் என்று உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் எங்கள் அடுப்பு எரியவில்லை. அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருசந்தி கிடையாது. ஆனால் ஒருநாள் விட்டால் மறுநாள் வயிறு கெஞ்சும் என்பதால், அன்றும் நாங்கள் விடவில்லை. எதையும் தொடங்குவது பெரிதில்லை, விடாமல் பிடிப்பதுதான் பெரிது. அதற்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும்.

மூன்றாவது வாரம் அக்கா இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிக்கொண்டே வீடு கூட்டினாள். எதிர்வீட்டு ஆரோக்கியசெல்வத்தின் பெண்சாதி கஞ்சி கொண்டுவந்தபோது, உத்தரவில்லை என்று அக்காவே திருப்பி அனுப்பினாள். அன்றைக்கு என்னிடம் கேட்டாள்.

"இன்னொருதரம் போயி கேட்டுட்டு வாயேன் தம்பி. வவுறு கிழியுது."

எனக்கு மனசு கேட்கவில்லை. உடனே புறப்பட்டேன். ஊர் எல்லைப் புளியந்தோப்பு வரைக்கும் போய், வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். மாட்டேன் என்கிறார் அக்கா என்றேன். போக வர எட்டு மைல் எனக்காக நடந்தாயே என்று என் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அன்று நான் அழுதேன். அது பொய்யில்லை.

ஐந்தாவது வாரம் கறுப்பாக வாந்தியெடுத்தாள். ஆரோக்கியசெல்வம் ஓடிப்போய் சாமியாரை அழைத்து வந்தார். சாகக்கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதல் முடிந்ததும் சாமியார் குனிந்து, வேளாவேளைக்குச் சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டார்.

"உங்க உத்தரவ மீறலங்க சாமி. ஒருநாளுகூட மீறல" என்றாள் அக்கா.

சாமியார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஜெபத்தைத் தொடர்ந்து சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டே அக்கா போய்விட்டாள்.

சாமியார் நிஜமாக என்னதான் சொன்னார் என்று நீங்கள் கேட்பது சரி, ஐயா. சாமியார் முதல் நாளே உத்தரவு கொடுத்துவிட்டார். நான் கேட்டு முடிப்பதற்குள், நாலு வேளையும் சாப்பிடச் சொல்லும் என்றார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் செத்துப்போவாள் என்பது மூன்றாவது வாரமே எனக்குத் தெரியும். ஆனால் அதற்குள் ஏறக்குறையப் பாதித் தபசுகாலம் தாண்டிவிட்டது. அந்த நேரத்தில் வீட்டில் கஞ்சி கொதித்தால் என் கதி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இன்னும் ஒரு வரியை மட்டும் விட்டுவிடவேண்டாம். அக்காவை அடக்கம் செய்த அன்றுகூட, உச்சி மணி அடிக்குமுன் நான் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை.