இன்னும் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம்

போனில் என் குரல் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நேரில் பார்த்தால் அப்படி ஒன்றும் தோன்றாது. வரிசையில் நின்றால் எனக்குப் பின்னால் வந்தவர்தான் முதலில் கவுண்டருக்குப் போவார். போனை எடுத்தால் மட்டும் ஒரு நிதானம் வந்துவிடும். நீங்கள் கேட்டபடி ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

நான் ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியின் கரை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மாலுமிகளுக்கு விமான டிக்கெட் போடுவது, பாஸ்போர்ட் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது, அவர்கள் வீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டால் சமாதானமாகப் பதில் சொல்வது, இதுதான் வேலை. வாங்கிக் கொடுத்தவர் என் அக்காவின் கணவர். அதே கம்பெனியில் கேப்டன். அவர்தான் வாங்கிக் கொடுத்தார் என்பதை நான் மறந்ததில்லை. மறக்க அவர் விட்டதும் இல்லை. இளவயதில் ஒருமுறை என்னைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டேன். அதை அவர் சொல்லாத கல்யாணப் பந்தி கிடையாது. "நம்ம மச்சானுக்கு டம்ளர்ல தண்ணி ஆடினாலே தலை சுத்தும்" என்று முடிப்பார். என் மனைவியும் சிரிப்பாள். அத்தான் கெட்டவர் இல்லை. அக்காவைக் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தார்.

அவருடைய கப்பல் பழசு. மெதுவாகப் போகும். சரக்கு ஏற்றிவிட்டால் தளம் தண்ணீருக்கு வெகு அருகில் இருக்கும். கடற்கொள்ளையர் ஏணி போட்டு ஏற அதைவிட வசதியான கப்பல் கிடைக்காது. கொள்ளையர் நடமாடும் கடல் வழியாகப் போவதென்றால் ஆயுதக் காவலர்கள் வேண்டும் என்று அத்தான் கேட்டார். காவலர் என்றால் சம்பளம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் வரும், பொம்மைக்கு அதெல்லாம் இல்லை என்றார் முதலாளி. தூரத்திலிருந்து பார்த்தால் காவலர் மாதிரியே தெரியும் என்று எங்கோ படித்திருந்தாராம். ஜவுளிக்கடைகளில் பழைய பொம்மைகளை நான்தான் வாங்கி அனுப்பினேன். ஆண் பொம்மைகள் போதவில்லை. அதனால் இடுப்பில் கை வைத்துச் சிரிக்கும் பெண் பொம்மை ஒன்றுக்கும் ஹெல்மெட் மாட்டித் தளத்தின் ஓரத்தில் நிறுத்தினார்கள். முள்கம்பியும் அனுப்பினோம், ஒரு பக்கத்துக்குப் போதுமான அளவு. கொள்ளையர் மறுபக்கமாக ஏறினார்கள். பொம்மைகளின் மேல் துணி காயப்போட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

இந்தப் பொம்மை விஷயத்துக்கு நான் பொறுப்பல்ல. அது உங்கள் குறிப்பில் தனியாக இருக்கட்டும்.

கப்பலையும் ஆட்களையும் விடக் கொள்ளையர் பணம் கேட்டதும், முதலாளி அறையில் எல்லோரும் கூடினோம். கொள்ளையரிடம் பேரம் பேசிப் பழகிய நிபுணர் ஒருவரை அமர்த்தலாம் என்றார் காப்பீட்டுக்காரர். நிபுணரின் கட்டணத்தைக் கேட்டதும் முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம ஆபீஸ்லயே பொறுமையா பேசறவங்க யாரும் இல்லையா?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எதிர்ப்பக்கம் பேசியவர் கொள்ளைக்காரர் இல்லை. மொழி தெரிந்தவர் என்று அவர்கள் கூலிக்கு அமர்த்திய ஆள். முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவராம். அலுவலகத்தில் அவருக்கு வாத்தியார் என்று பெயர் வைத்தோம். பண்பான மனிதர். எடுத்ததும் மிரட்டுவார், பக்கத்தில் துப்பாக்கியோடு ஒருவன் நின்று கேட்டுக்கொண்டிருப்பதால் அது அவர் கடமை. ஆள் நகர்ந்ததும் குரலைத் தணித்துக்கொண்டு, முதுகுவலிக்கு என்ன மருந்து நல்லது என்று கேட்பார். நாங்கள் இருவரும் பிறர் பணத்தைப் பற்றியும் பிறர் உயிரைப் பற்றியும் பேசினோம். அதனால் மனஸ்தாபம் வர இடமில்லை.

எனக்குத் தனி அறை கொடுத்தார்கள். முதலாளியே கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார். சார் என்று கூப்பிட ஆரம்பித்தார். டிவியில் என்னைக் காட்டினார்கள். என் மனைவி நான் சாப்பிடும்போது யாரையும் சத்தம் போட விடுவதில்லை. அக்கா தினமும் வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். சின்ன வயதிலிருந்து என்னை அதட்டியே பழகியவள், எதைக் கேட்டாலும் "நீ சொன்னா சரிதான் தம்பி" என்றாள்.

மாலுமிகளின் குடும்பங்களை வாரம் ஒருமுறை அலுவலகத்துக்கு அழைத்துத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுப்போம். பொறுமையைப் பற்றி நான் பேசுவேன். கப்பல் சமையல்காரரின் மனைவி எப்போதும் பின்வரிசையில் உட்காருவார். ஒருநாள் கூட்டம் கலைந்த பிறகு அருகில் வந்தார்.

"அவருக்குச் சக்கரை சார். ஊசி போட்டே ஆகணும். மருந்து கையில இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை. நமக்கு அவசரம் இருப்பது தெரிந்தால் எதிர்ப்பக்கம் இறுக்கிப் பிடிக்கும். அடுத்த வாரம் அவரிடம், கேட்டேன், இருக்கிறதாம் என்றேன். அன்று அவர் பிஸ்கட் சாப்பிட்டார்.

இதற்கிடையில் அக்காவின் மகளுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. பையன் படிப்புக்காகக் கடல் கடந்து போகவிருந்தான்; அதற்குள் நிச்சயம் செய்துவிட வேண்டும் என்றார்கள். அப்பா இல்லாமல் எப்படி என்று அக்கா அழுதாள். தள்ளிப்போட்டால் சம்பந்தம் கை நழுவிவிடும் என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். அப்பா ஸ்தானத்தில் யார் உட்காருவது என்ற பேச்சு வந்தபோது, பையனின் அப்பா, "இதுல யோசிக்க என்ன இருக்கு? தாய்மாமா இருக்காரே, டிவியிலகூட வந்தாரே" என்றார். எங்கள் குடும்பத்தில் ஒரு நாற்காலிக்கு என் பெயர் முதலில் வந்தது அன்றைக்குத்தான்.

நிச்சயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வாத்தியார் சரி என்று சொல்லிவிட்டார். ஆட்கள் சலித்துப்போய்விட்டார்கள், கப்பலில் நல்ல தண்ணீரும் குறைந்துவிட்டது, உங்கள் முதலாளி சொன்ன தொகையே போதும், முடித்துக்கொள்ளலாம் என்றார். வீட்டுக்குப் போகிறவரின் உற்சாகம் அவர் குரலில் தெரிந்தது.

போனை வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பணம் தயாராக இருந்தது. நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நிச்சயத்துக்கு முன்பே அத்தான் வந்து இறங்கிவிடுவார், தாடியும் மெலிந்த உடம்புமாக. எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். சாப்பிட உட்கார்ந்ததும் பையன் வீட்டாருக்கு என் வாந்திக் கதையைச் சொல்வார். இதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். நினைப்பதில் தவறில்லை.

முதலாளியிடம், அவர்கள் இன்னும் பிடிவாதமாக இருக்கிறார்கள், இன்னும் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம் என்றேன். தொகை குறையுமா என்று ஆசையோடு கேட்டார். குறையலாம் என்றேன். வாத்தியாரிடம், முதலாளி யோசிக்கிறார் என்றேன். அதைப் பொய் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். முதலாளி எப்போதும் எதையாவது யோசித்துக்கொண்டுதான் இருப்பார்.

வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. அத்தானிடமே போனைக் கொடுத்துவிட்டார். முதலில் எனக்குக் குரல் பிடிபடவில்லை.

"மச்சான், சமையல்காரர் படுத்துட்டார். மருந்து தீர்ந்து நாளாச்சு. கால் கறுத்துப்போச்சு. சீக்கிரம் முடிச்சுக் கொடு."

"பொறுமையா இருங்க அத்தான். எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

"உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்டா."

எனக்கு அதில் எந்த மகிழ்ச்சியும் இல்லை. லைன் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி, இன்னொரு முறை சொல்ல வைத்தேன். கேட்காமல் விட்டுவிடக் கூடாது அல்லவா.

நிச்சயம் நன்றாக நடந்தது. சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. பையனின் அப்பா என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் நானே வாத்தியாரை அழைத்து, முதலாளி ஒப்புக்கொண்டார், முடித்துவிடலாம் என்றேன். சமையல்காரர் நேற்று போய்விட்டார் என்றார் அவர். ஒரு ஆள் குறைந்ததற்காகத் தொகையைக் குறைக்க முடியாது என்றும் சொன்னார். நானும் வற்புறுத்தவில்லை.

மற்றவர்கள் விடுதலையான அன்று, வாத்தியார் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அது எனக்கு வருத்தம்தான். நம்பிப் பழகியவர்கள் அப்படிச் செய்யக் கூடாது.

அத்தான் ஊர் வந்து சேர்ந்ததும் என் வீட்டுக்கு வந்தார். சட்டை அவர் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அவங்க எப்போ சரின்னு சொன்னாங்க?"

"நிச்சயத்துக்கு முன்னாடி" என்றேன். நேராகக் கேட்டால் நேராகப் பதில் சொல்கிறவன் நான். அடிப்பார் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அங்கிருந்து நேராக உங்களிடம் புகார் கொடுக்க வந்திருக்கிறார். அக்கா இப்போது என் போனை எடுப்பதில்லை. பெண்ணின் கல்யாணம் மட்டும் குறித்தபடி நடக்கப்போகிறது. அந்தச் சம்பந்தத்தைக் காப்பாற்றியது யார் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

சமையல்காரரின் மனைவியிடம் யார் போய்ச் சொன்னது என்று கேட்டீர்கள். நான்தான். இப்படிப்பட்ட செய்தியைப் போனில் சொல்வது சரியில்லை என்று நேரில் போனேன். ஒரு தையல்கடைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. என்னைக் கண்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கி எனக்கு இடம் செய்து கொடுத்தார். வலி இருந்ததா என்று கேட்டார். இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டார் என்றேன். அவர் வெகுநேரம் அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அது நடிப்பில்லை. கிளம்பும்போது வாசல் வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மத்தவங்களாவது உயிரோட வராங்களே சார். எல்லாம் உங்க பொறுமைதான்."

மறுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துக்க வீட்டில் எதிர்த்துப் பேசுவது மரியாதை இல்லை.