திருப்பித் தட்டாதவர்

ராத்திரி பதினொன்று. மீன் கிடங்கிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை விளக்கில்லாத சாலை... அதில் தனியாக நடந்து வந்தார் என் நண்பனின் சித்தப்பா. வழியெல்லாம் நண்பனிடம் போனில் பேசிக்கொண்டே வருவார். பயத்தால் இல்லை, எரிச்சலால்.

கிடங்கின் குளிர் அறையைப் பூட்டுவது அவர் வேலை. உள்ளேயிருந்து திறக்கும் கைப்பிடி உடைந்து வருஷக்கணக்காகிறது. அதனால் பூட்டுமுன் சாவியால் கதவில் டொக், டொக். உள்ளே ஆள் இருந்தால் திருப்பித் தட்ட வேண்டும். பதில் வராவிட்டால்தான் தாழ்ப்பாள்.

கைப்பிடி மாற்ற வழியில்லாத நிர்வாகம் கணினித் திரை ஒன்றுக்கு நாடா வெட்டியது. அட்டையைக் காட்டி உள்ளே போனால் எண்ணிக்கை ஏறும். வெளியே வந்தால் இறங்கும். கூடவே, பழைய முறைகளை மாற்றவென்று கழுத்துப் பட்டையோடு ஓர் 'உருமாற்ற மேலாளர்'.

"கதவைத் தட்டுறது டேட்டா இல்ல பெரியவரே. பழசை விடுங்க."

விட்டால்தானே. அன்றைக்கும் கை தானாகத் தட்டியது. திரையில் பூஜ்யம். உள்ளிருந்து... டொக், டொக்.

திறந்தார். மீன் பெட்டிகள், வெள்ளைப் புகை. ஆளில்லை. மூடினார், தட்டினார். மறுபடியும் பதில். பதில் வந்தால் எப்படிப் பூட்டுவது? கடைசிப் பேருந்து போனதுதான் மிச்சம்.

புகாரைக் கேட்டு மேலாளர் திரையைத் துழாவினார்.

"தட்டல்னு ஒரு புகார் வகையே இதுல இல்லையே. நீங்க தட்டுறதாலதான் அது தட்டுது. இனிமே தட்டினா வேலைக்கு வராதீங்க."

மகளுக்குப் படிப்பு முடியவில்லை. இனித் தட்டமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். சத்தம் நின்றது. மேலாளர் அதைத் தன் சாதனைகளில் சேர்த்துக்கொண்டார்.

முதலில் சொன்ன அந்த ராத்திரிக்கு வருகிறேன்... கதவைச் சாத்தாதீர்கள், திறந்தே இருக்கட்டும்.

"பூட்டிட்டு வந்தாலும் கை அரிக்குதுடா" என்று புலம்பிக்கொண்டு நடந்தவர் சட்டென்று நின்றார். நடுச் சாலையில், கதவே இல்லாத இருட்டில்... டொக், டொக். போனில் நண்பனுக்கும் கேட்டது.

"யாரு சித்தப்பா?"

"பூட்டுறதுக்கு முன்னாடி கேக்குறாங்கடா... உள்ள ஆள் இருக்கான்னு."

"திருப்பித் தட்டுங்களேன்."

"எழுதிக் கொடுத்துட்டேனேடா."

தாழ்ப்பாள் விழுந்தது. போனில் வாடை வராது... நண்பனுக்கு மீன் வாடை வந்தது.

வீடு வந்து சேராதவரைத் தேடி மறுநாள் குளிர் அறையைத் திறந்து பார்த்தார்கள். ஆளில்லை. மேலாளர் நிம்மதியாகத் திரையைக் காட்டினார்: பூஜ்யம்.

போன் மட்டும் சாலை நடுவில் கிடைத்தது. உச்சி வெயில்... அதன்மேல் ஐஸ் கட்டியிருந்தது.